கேள்வி–பதில்: தேர்தல் முடிவும் தெய்வத்தின் தீர்ப்பும்

கேள்வி: ராமர் கோயில் திறக்கப்பட்ட அயோத்தியிலேயே 2024-ல் பா.ஜ.க. தோற்றது. உடனே அந்த ஊர் மக்களை 'நன்றி கெட்டவர்கள்' என்று பக்தர்களே சமூக வலைத்தளங்களில் ஏசினார்கள். ராமன் மீது பக்தி இருந்தால் அவன் பிறந்த ஊர் மீதும் அன்பு இருக்க வேண்டாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 2024 ஜனவரி 22-ல் பிராண பிரதிஷ்டை நடந்தது, ஜூன் 4-ல் வாக்குகள் எண்ணப்பட்டன. இடைப்பட்ட நாலரை மாதமும், தொலைவில் இருந்து தொலைக்காட்சியில் தரிசனம் செய்தவர்களுக்கு, அயோத்தி அடங்கிய பைசாபாத் என்பது ஒரு மக்களவைத் தொகுதியாகவே தெரியவில்லை. கோயிலின் வெளிப்பிராகாரமாகத்தான் தெரிந்தது. அங்கேயே குடியிருப்பவர்களுக்கோ அது நிலம், சாலை, கடை, சாதி எல்லாம் கலந்த ஒரு தொகுதி. சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள ராமபாதை என்னும் சாலையை அகலப்படுத்தியபோது முன்பக்கம் இடிபட்ட கடைக்காரர்கள், கிடைத்த இழப்பீடு போதாது என்று குமுறிக்கொண்டிருந்தார்கள். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் பெரும்பான்மை மட்டும் போதாது, அதற்கும் மேல் இடங்கள் வேண்டும் என்று பா.ஜ.க. வேட்பாளர் லல்லு சிங் பேசியது, இட ஒதுக்கீட்டுக்கே ஆபத்து வருமோ என்ற அச்சத்தைத் தலித் மக்களிடம் விதைத்தது. சமாஜ்வாதி கட்சியோ, பட்டியல் சமூகங்களில் ஒன்றான பாசி சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத்தை அந்தப் பொதுத்தொகுதியில் துணிந்து நிறுத்தியது. அவர் 54,567 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

இவ்வளவு காரணங்கள் கண்ணெதிரே இருந்தும், ஏசியவர்களுக்கு அவை ஒன்றும் தேவைப்படவில்லை. பக்தியின் கண் கொண்டு பார்த்தால் ஒரு தோல்விக்குக் காரணம் இருக்க முடியாது, குற்றவாளிதான் இருக்க முடியும். தெய்வத்தைக் குற்றம் சொல்ல முடியாது, தலைவரைச் சொல்ல மனம் வராது. எஞ்சியிருப்பவர்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே. அயோத்திக்குப் போனால் அங்குள்ள கடைகளில் எதையும் வாங்காதீர்கள் என்று பிரசாரமே நடந்தது. தொலைக்காட்சி ராமாயணத்தில் லட்சுமணனாக நடித்த சுனில் லாஹ்ரி, வனவாசம் முடிந்து வந்த சீதையைச் சந்தேகித்தவர்கள்தானே இந்த ஊர்க்காரர்கள் என்ற பொருள்படப் பதிவிட்டார். (கம்பர் முடிசூட்டலோடு காவியத்தை முடித்துக்கொண்டது எவ்வளவு நல்லது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.) தேர்தல் முடிவைப் புரிந்துகொள்ளத் தொகுதி நிலவரத்தைப் புரட்டாமல், முடிசூட்டலுக்குப் பிந்தைய அந்தச் சந்தேகக் கதை வரும் உத்தர காண்டத்தைப் புரட்டினார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தொகுதி நிலவரத்தைப் புரட்டியிருந்தால் ஒரு வேடிக்கையும் தெரிந்திருக்கும். ஐந்து சட்டமன்றப் பகுதிகளில் நான்கில் பின்தங்கிய பா.ஜ.க., கோயில் இருக்கும் அயோத்தி சட்டமன்றப் பகுதியில் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் வாக்குகள் முன்னிலை பெற்றிருந்தது. கடைக்காரர்களைப் புறக்கணிக்கச் சொன்னவர்கள், பெரும்பாலும் தங்கள் கட்சிக்கே வாக்களித்த ஊரைத்தான் புறக்கணிக்கச் சொன்னார்கள்.

இதில் ஒரு தரப்பை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஜூலை 2-ல் மக்களவையில் பேசிய சமாஜ்வாதி கட்சித் தலைவர் அகிலேஷ் யாதவ், 'ராமன் எதை வகுத்து வைத்தானோ அதுவே நடக்கும்' என்னும் துளசிதாசர் வரியைச் சொல்லித்தான் அந்த வெற்றியைக் கொண்டாடினார். முடிவு வெளியான அன்று மாலை கட்சித் தலைமையகத்தில் பேச வந்த பிரதமர் மோடி, 'ஜெய் ஜகந்நாத்' என்று தொடங்கினார். ஒடிசாவின் 21 மக்களவைத் தொகுதிகளில் 20-ஐ அன்று அவருடைய கட்சி வென்றிருந்தது. வெற்றி எந்த ஊரில் கிடைக்கிறதோ அந்த ஊர்த் தெய்வத்தின் பெயர் நாவில் வருவது இயல்புதானே. 2025 பிப்ரவரியில், அதே தொகுதிக்குள் அடங்கிய மில்கிபூர் இடைத்தேர்தலில் பா.ஜ.க. அறுபதாயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றபோது, எட்டு மாதங்களுக்கு முன் நன்றி கெட்டவர்களாக இருந்தவர்கள் மறுபடியும் நல்ல பக்தர்களாகிவிட்டார்கள்.

கேள்வி: இப்படித் தேர்தலையும் தெய்வத்தையும் முடிச்சுப் போடுவது நம் நாட்டு வழக்கம் மட்டும்தானா? படித்தவர்கள் நிறைந்த நாடுகளில் இது இருக்காது அல்லவா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப்தான் மீண்டும் வெல்வார் என்று கடவுளே தங்களுக்குச் சொன்னதாக அங்கே பல போதகர்கள் தீர்க்கதரிசனம் கூறியிருந்தார்கள். பைடன் வென்றதும் அவர்களில் பலர் தங்கள் வாக்கைத் திரும்பப் பெறவில்லை. முடிவுதான் பொய், உண்மை வெளிப்படும் நாள் வரும் என்றார்கள். அவர்களில் ஒருவரான ஜெரமையா ஜான்சன் மட்டும் 2021 ஜனவரியில், தாம் சொன்னது தவறு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்களும் வசைகளும் குவிந்தன. தவறாகச் சொன்னதற்காக அல்ல, தவறு என்று ஒப்புக்கொண்டதற்காக! தோல்வியை விடவும், 'கடவுள் அப்படிச் சொல்லவே இல்லை' என்ற செய்தியைத்தான் அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 2025 ஜனவரி 20-ல் மீண்டும் பதவியேற்ற டிரம்ப், தேர்தல் பிரசாரத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் தாம் உயிர் தப்பியதைக் குறிப்பிட்டு, அமெரிக்காவை உயர்த்தவே கடவுள் தம்மைக் காப்பாற்றினார் என்றார். பழைய தீர்க்கதரிசனங்களுக்கும் நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பொழிப்புரை கிடைத்தது.

கேள்வி: கட்சி ஜெயித்ததற்காக மொட்டை போடுவதும் தீச்சட்டி எடுப்பதும் மூடநம்பிக்கைதானே?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியவில்லை. 2021 மே மாதம் தி.மு.க. வென்றதற்காகப் பரமக்குடியில் ஒரு பெண் தன் நாக்கை அறுத்துக் காணிக்கையாக்கினார். கொரோனா கட்டுப்பாட்டால் கோயிலுக்குள் போக முடியாமல் வாசலிலேயே வைத்துவிட்டு மயங்கி விழுந்தார். அதைப் பக்தி என்று மெச்சவும் எனக்கு மனம் வரவில்லை, கேலி செய்யவும் வரவில்லை. அப்படியொரு வேண்டுதல் வைக்கும் அளவுக்கு ஓர் ஆட்சியிடம் அவர் என்ன எதிர்பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லையே என்ற வருத்தம்தான் உண்டு.

ஆனால் நேர்த்திக்கடன் என்பது பெரும்பாலும் இவ்வளவு கொடுமையானதல்ல. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நின்ற ஒருவர் நூற்றுச் சொச்சம் வாக்குகளில் தோற்றுப்போனார். மூன்றாம் வாரம் அவர் மனைவி மஞ்சள் சேலையும் கையில் தீச்சட்டியுமாக மாரியம்மன் கோயில் தெருவில் வருவதைப் பார்த்துத் திகைத்து, "தோத்ததுக்கு எதுக்கும்மா சட்டி?" என்று கேட்டேன். சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: "ஜெயிக்கணும்னா ஆத்தாகிட்ட கேட்டேன்? எலெக்சன் நல்லபடியா முடியணும்னுதானே கேட்டேன். முடிஞ்சிருச்சுல்ல."