நிதி நெருக்கடியில் வெளிநாட்டு வளர்ச்சி உதவியில் எதை முதலில் காக்க வேண்டும்?

எல்லாத் திட்டங்களிலும் ஒரே விகிதத்தில் வெட்டுவது நியாயமாகத் தோன்றினாலும், பாதியில் நின்ற தடுப்பூசித் திட்டத்துக்கும் ஓராண்டு தள்ளிப்போன கருத்தரங்குக்கும் விளைவு ஒன்றல்ல என்பதால், அதுவே மிக மோசமான வழி என்பது என் கருத்து. குழந்தைகளுக்கான தடுப்பூசி, மலேரியாவைத் தடுக்கும் மருந்திட்ட கொசுவலை, எச்.ஐ.வி. கூட்டுமருந்து சிகிச்சை ஆகியவை குறைந்த செலவில் உயிர் காப்பவை. கடைசியாகச் சொன்னது இடையில் நின்றால், நோயாளியின் உடலில் வைரஸ் மீண்டும் பெருகுவதோடு, அது மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறும் அபாயமும் உண்டு. ஆகவே, நிறுத்தினால் மீட்க முடியாதவற்றுக்கே முதலிடம். அடுத்து, வேறு நிதி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்: நடுத்தர வருமான நாடுகள் சாலைக்கும் மின்நிலையத்துக்கும் கடன் திரட்டலாம், போரில் சிக்கிய ஏழை நாடுகளால் அது பெரும்பாலும் முடியாது.

மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்ற இலக்கை ஐ.நா. பொதுச்சபை 1970இல் ஏற்றது. பிரிட்டன் 2021இல் அதிலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறங்கியது; அடுத்த ஆண்டுகளில் அந்தத் தொகையிலும் கணிசமான பகுதி உள்நாட்டில் அகதிகளைத் தங்கவைக்கவே செலவானது. அகதிகள் வந்த முதல் 12 மாதங்களுக்கு அச்செலவை வளர்ச்சி உதவியாகக் கணக்குக்காட்ட, உதவியைக் கணக்கிடும் சர்வதேச விதிகளே இடமளிக்கின்றன (வினோதம்தான்). உதவி தரும் நாட்டின் நிறுவனங்களிடமே பொருள் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தினால், குறைந்த பணத்திலும் கூடுதலாக வாங்க முடியும். கப்பலில் அனுப்பப்படும் உணவு உதவியில் இந்த வேறுபாடு குறிப்பாகப் பெரிது.