கைத்துப்பாக்கி அணிய எந்த பெல்ட் வாங்கலாம்?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். கைத்துப்பாக்கியை இடுப்பில் அணிந்துதான் தினமும் வேலைக்குப் போகிறேன். இதற்கென்றே விற்கும் பெல்ட்டுகள் 100 டாலர்வரை விலை சொல்கிறார்கள். துணிக்கடையில் கிடைக்கும் 20 டாலர் பெல்ட் போதாதா? கொடுக்கும் காசுக்கு உழைக்கக்கூடிய பெல்ட் எது?

பதில்:

போதாது. அதற்காக 100 டாலர் கொடுத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

ஹூஸ்டன் புறநகரில் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடை ஒன்றை நடத்துகிறேன். இரவு கடையைப் பூட்டி, பணத்தோடு கிளம்பும் பொறுப்பு என்னுடையது என்பதால் பல ஆண்டுகளாகக் கைத்துப்பாக்கி அணிகிறேன். எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று மாதக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, அதை நாள் முழுவதும் தாங்கப்போகிற பெல்ட்டைப் பற்றி ஐந்து நிமிடம் யோசிப்பதில்லை. நீங்கள் யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி அணியலாம். இதைக் கேள்விப்பட்டு எச்-1பி விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் தங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருந்தாது. அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற மிகச் சில விதிவிலக்குகளே உண்டு. கிரீன் கார்டோ குடியுரிமையோ கையில் இருந்தால் மட்டுமே மேற்கொண்டு படியுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இனி பெல்ட். பலரும் அணியும் கிளாக் 19 துப்பாக்கி, தோட்டாக்கள் நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 850 கிராம் எடை இருக்கும். சிக் பி365 போன்ற சிறியவைகூட 600 கிராமைத் தாண்டும். இந்த எடை இடுப்பைச் சுற்றிப் பரவுவதில்லை, ஹோல்ஸ்டரின் (துப்பாக்கி உறையின்) ஒன்றிரண்டு கிளிப்புகள் பிடித்திருக்கும் சில அங்குல இடத்தில் மொத்தமாக இறங்குகிறது. சாதாரண பெல்ட் அந்த இடத்தில், ஈரப் போர்வை போட்ட கொடிக்கயிறு போலத் தொய்ந்துவிடும். தொய்வதோடு நின்றால் பரவாயில்லை. பெல்ட்டின் மேல் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்து, துப்பாக்கியின் பிடி உடலை விட்டு விலகிச் சாய்கிறது. சட்டைக்கு மேலே அது புடைத்துத் தெரியும். அவசரத்தில் துப்பாக்கியை உருவினால் ஹோல்ஸ்டரும் சேர்ந்தே மேலே வரும். அப்படி வருவது ஆபத்து.

தொய்கிறதே என்று எல்லோரும் செய்வது, பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்குவது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இறுக்கம் வேறு, விறைப்பு வேறு. துப்பாக்கியை நிலையாகப் பிடிப்பது விறைப்பு. விறைப்பில்லாத பெல்ட்டை இறுக்கினால் உடம்புதான் அந்த எடையைச் சுமக்கும். இடுப்பு முன்னெலும்புக்கு அருகே தொடைக்குப் போகும் தோல் உணர்வு நரம்பு ஒன்று இருக்கிறது. இறுக்கமான பெல்ட் அதைத் தொடர்ந்து அழுத்தினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், எரியும். காவல் துறையினரிடம் இந்தத் தொல்லை அறிமுகமானது. துப்பாக்கி அணிந்து சில மாதங்களில் தொடை மரத்தால், மருத்துவரைப் பாருங்கள், பெல்ட்டையும் பாருங்கள். நல்ல பெல்ட்டை வழக்கத்தைவிடத் தளர்வாகவே கட்டலாம், துப்பாக்கி அசையாது.

கடையிலேயே சோதிக்க எளிய வழி இருக்கிறது. பெல்ட்டை இரு கைகளாலும் ஒரு சாண் இடைவெளியில் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல எதிரெதிராக முறுக்குங்கள். அப்படியே முறுக்கிக்கொண்டால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விரல்களுக்கிடையே வைத்து அழுத்துங்கள். நடுவில் மடியக் கூடாது. இடுப்பைச் சுற்றி வளைய வேண்டும், அகலவாக்கில் மடியவே கூடாது. இந்த இரண்டிலும் தேறும் பெல்ட் எந்தப் பொருளால் ஆனது என்பது அடுத்த கேள்விதான்.

அகலம் ஒன்றரை அங்குலம். பெரும்பாலான ஹோல்ஸ்டர் கிளிப்புகள் இந்த அளவுக்கே செய்யப்படுகின்றன. ஜீன்ஸ் வளையங்களிலும் இது தாராளமாக நுழையும். அலுவலக உடைக்கான ஒன்றேகால் அங்குல பெல்ட்டில் கிளிப் மேலும் கீழும் ஆடும். ஒன்றே முக்கால் அங்குலம் சாதாரண பேன்ட் வளையங்களில் சிரமப்பட்டே போகும்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மலிவு பெல்ட்டுகளில் பெரும்பாலும் மெல்லிய தோல் மேலே ஒட்டப்பட்டு, உள்ளே அட்டை போன்ற எதையோ வைத்து ஓரம் பூசியிருப்பார்கள். தோல் என்று முத்திரை குத்தியிருப்பதால் மட்டும் எதுவும் தெரிந்துவிடாது. நீங்கள் தேட வேண்டியது, மேற்பரப்பைத் தேய்த்து எடுக்காத முழுத் தோல், இரண்டு அடுக்காக ஒட்டி ஓரம் முழுவதும் தைத்தது, தாவரப் பொருள்களால் பதனிட்டது. குரோமியம் உப்பால் பதனிட்ட தோல் மென்மையாக, துணிபோல வளையும். காலணிக்கும் ஜாக்கெட்டுக்கும் அது நல்லது. தாவரப் பதனில் தோல் கெட்டியாகவும் விறைப்பாகவும் நிற்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது திண்டுக்கல், ஈரோடு பக்கம் பரம்பரையாக நடந்த தொழில் என்பது பலருக்கு நினைவிருக்கலாம். அந்த வகைத் தோலின் உறுதிதான் இங்கே தேவை.

மொத்தக் கனம் 5 முதல் 6 மில்லிமீட்டர் இருந்தால் சரி. தோல் வியாபாரத்தில் கனத்தை அவுன்ஸில் சொல்வார்கள், ஒரு அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். ஆகவே 14 அவுன்ஸ் என்று போட்டிருந்தால் அது ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதைவிட மிகக் கனமானதை வாங்கிப் பெருமைப்பட வேண்டாம், சில கிளிப்புகள் அதன் மேல் சரியாகப் பூட்டிக்கொள்ளாது. இரண்டு அடுக்கு பெல்ட்டில் ஹேங்க்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலேயே செய்து 100 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கிறது. உள்ளூரில் குதிரைச் சேணம் தைக்கும் கைவினைஞர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். டெக்சாஸில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அளவெடுத்தே தைத்துத் தருவார்கள்.

புதுத் தோல் பெல்ட் சில வாரங்கள் முரண்டு பிடிக்கும். அது இளகட்டும் என்று எண்ணெயில் ஊறவைத்துவிடாதீர்கள். விறைப்புக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். பக்கிளைத் திருகாணியால் பூட்டியிருந்தால், அதைக் கழற்றி நீல நிறத் திருகாணிப் பசை ஒரு சொட்டு விட்டு மீண்டும் முடுக்குங்கள். இல்லாவிட்டால் அது தானே கழன்று எங்காவது விழும்.

ஹூஸ்டன்போல வியர்வை ஊற்றும் ஊரில் தினமும் வெளியில் வேலை என்றால் தோலைவிட நைலான் மேல். தோல் வியர்வையைக் குடித்துக்கொண்டு காய மறுக்கும். ஆனால் ஒற்றை நைலான் பட்டை வேண்டாம். இரண்டு அடுக்காக, பல வரிசைத் தையல் போட்டதாக, அல்லது நடுவே பிளாஸ்டிக் தகடு வைத்ததாக இருக்க வேண்டும். புளூ ஆல்ஃபா போன்ற நிறுவனங்களின் நைலான் பெல்ட்டுகள் எனக்குப் பிடித்தவை. இந்த வகையில் ஒரு தொல்லை உண்டு. பாராசூட் வார் பூட்டுபோலப் பெரிய உலோகப் பூட்டு வைத்தவை பேன்ட் வளையத்துக்குள் நுழைவதில்லை, ஒவ்வொரு முறையும் பூட்டின் ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். துப்பாக்கியை வயிற்றின் முன்பக்கம் அணிகிறவர்களுக்கு அந்தப் பெரிய பூட்டு இடைஞ்சலும்கூட. தட்டையான பக்கிள் உள்ளதையே எடுங்கள்.

ஆனாலும் உங்களைப்போலத் தினமும் வேலைக்குப் போய், காரிலும் நெடுநேரம் உட்காருகிறவருக்கு நான் முதலில் சொல்வது ராட்செட் பெல்ட். துளைக்குப் பதில் உட்புறத்தில் பல் வரிசை இருக்கும், கால் அங்குலம் கால் அங்குலமாக இறுக்கவோ தளர்த்தவோ முடியும். நம் ஊர்க் கடைகளில் ஆட்டோ லாக் பெல்ட் என்று கிடைக்குமே, அதே ஏற்பாடுதான். ஆனால் துப்பாக்கிக்கானவற்றில் உள்ளே வலுவூட்டிய தகடு இருக்கும், பக்கிளும் கெட்டியானது. துளை பெல்ட்டில் ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் வழக்கமாக ஓர் அங்குலம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் இருக்கும், இரண்டுமே சரியாக இருக்காது. காரில் ஏறியதும் இரண்டு பல் தளர்த்தி, இறங்கும்போது மீண்டும் இறுக்கிக்கொள்ளும் வசதியைத் துளை பெல்ட்டில் பெற முடியாது. கோர் நிறுவனத்தின் பெல்ட்டுகள் இதில் பெயர் பெற்றவை. மேலே சொன்ன மூன்று வகைகளிலும் தரமான பெல்ட் பெரும்பாலும் 50 முதல் 100 டாலருக்குள் கிடைக்கும். தினமும் அணிந்தும் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதால், ஆண்டுக்கொரு 20 டாலர் பெல்ட்டைவிட இது மலிவு.

நடுவே எஃகுத் தகடு வைத்தவையும் விற்கிறார்கள். முழு எஃகுத் துப்பாக்கியான 1911 போன்றவை ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளவை, அவற்றை அணிகிறவர் வாங்கலாம். உங்களுக்குத் தேவையில்லை.

கழிவறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். பெல்ட்டை அவிழ்த்ததும் துப்பாக்கி எடை ஒரு பக்கம் இழுத்துத் தரையை நோக்கிச் சரியும். அதற்குப் பயந்து துப்பாக்கியை எடுத்துக் கழிவறை மேடையில் வைத்து, மறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து உள்ளே வருவது ஒரு குழந்தையாக இருக்கலாம். துப்பாக்கி ஹோல்ஸ்டரை விட்டு வெளியே வரவே கூடாது. உட்கார்ந்ததும் முழங்காலுக்கு மேலே பெல்ட்டை மீண்டும் பூட்டிவிடுங்கள். விறைப்பான பெல்ட் என்றால் ஹோல்ஸ்டர் நிமிர்ந்தே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் அதே முறைதான். துப்பாக்கியை உறையிலிருந்து உருவாமல், ஹோல்ஸ்டரோடு சேர்த்தே பெல்ட்டிலிருந்து எடுத்துப் பூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். விசைக் காப்பை (விசையைச் சுற்றியுள்ள வளையத்தை) முழுவதும் மூடாத ஹோல்ஸ்டர் வைத்திருந்தால், பெல்ட் வாங்கும் காசில் முதலில் அதை மாற்றுங்கள்.

அளவு எடுக்கும்போது பேன்ட்டின் லேபிளை நம்பாதீர்கள். 34 என்று போட்ட பேன்ட் அளந்து பார்த்தால் 36 இருக்கும். இப்போது அணியும் பெல்ட்டில், தோல் பக்கிளில் மடியும் இடத்திலிருந்து நீங்கள் மாட்டும் துளைவரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பேன்ட்டுக்குள் செருகும் ஹோல்ஸ்டர் என்றால், அதையும் காலித் துப்பாக்கியையும் வைத்துக் கட்டிய நிலையில் அளக்க வேண்டும், ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம்வரை கூடும். துளை பெல்ட் வாங்கினால் அந்த அளவு நடுத்துளையில் விழ வேண்டும். ராட்செட் பெல்ட்டைப் பொதுவாக வீட்டிலேயே வெட்டிப் பொருத்த வேண்டியிருக்கும். வெட்டிய பிறகு திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முதல் முறை ஓர் அங்குலம் நீளமாகவே வெட்டி, ஹோல்ஸ்டரோடு கட்டிப் பார்த்த பிறகு மீதியை வெட்டுங்கள்.