விழுந்த வண்டியை யார் தூக்குவது?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன். வயது 34. அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் ஈப்போவில் வேலை செய்கிறேன். பத்தாண்டுச் சேமிப்பைக் கொண்டு, ஒருவர் ஓட்டிய பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். மோட்டார் சைக்கிளை வாங்க நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பனைக் காட்டுச் சடக்குகளிலும் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள லாசாவைத் தாண்டிய மலைத் தடங்களிலும் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. "ஓட்டத் தெரிந்தவனுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை" என்கிறார்கள் நண்பர்கள். "சேற்றில் விழுந்தால் உன்னால் தூக்க முடியாது" என்கிறார் அப்பா. என் எடை 62 கிலோ, உயரம் 166 செண்டிமீட்டர். பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். இவ்வளவு பெரிய வண்டி மண்பாதைக்கு உதவுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் என் கண் போய் நின்ற இடம், "பெரும்பாலும் தனியாகத்தான் போவேன்" என்ற வரி. அந்த வரிக்காகவே நான் உங்கள் அப்பா பக்கம் நிற்கிறேன்.

நண்பர்கள் பொய் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு எடை பெரிய பாரமாகத் தெரியாது. காய்ந்த செம்மண் சடக்கில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, கனமான வண்டி சிறு கற்களுக்கெல்லாம் அசைந்து கொடுக்காமல் நேராகப் போகும். அந்த இஞ்சினின் எடை கீழேயே இருப்பதால் கையாளவும் இலகுவாக இருக்கும். 2016இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் ஜி.எஸ். டிராபி போட்டியை வட தாய்லாந்தில் நடத்தியபோது, ஆர் 1200 ஜி.எஸ். வண்டிகளில் பல நாட்டவரும் அங்குள்ள காட்டுத் தடங்களில் ஏறி இறங்கினார்கள். நம் காட்டுக்கு அதிகம் வேறுபட்ட காடல்ல அது. ஆனால் அங்கே ஓட்டியவர்கள் தங்கள் நாட்டில் தேர்வில் வென்று வந்தவர்கள். அணிக்கு மூன்று பேர். ஒருவர் சாய்ந்தால் இருவர் ஓடிவந்து தூக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மழை கட்டிக்கொண்டு வரும் நேரத்தில், லாசாவுக்கு அப்பால் உங்களுக்கு அந்த இருவர் எங்கிருந்து வருவார்கள்?

எடைக் கணக்கைப் பார்ப்போம். ஆர் 1250 ஜி.எஸ். எண்ணெய் நிரப்பிய நிலையில் 249 கிலோ. பெரிய டேங்க் வைத்த அட்வென்ச்சர் வகை 268 கிலோ. பக்கப் பெட்டிகள், இஞ்சின் காப்புக் கம்பி, கருவிகள், தண்ணீர், மழைச்சட்டை எல்லாம் ஏறியபின் நீங்கள் விற்பனைத் தாளில் படித்த வண்டியாக அது இருக்காது. இந்தக் குடும்பத்தின் முதல் வண்டியான ஆர் 80 ஜி/எஸ் 1980இல் வந்தபோது அதன் எடை 186 கிலோ. அதை அடிப்படையாக வைத்துத் தயாரித்த வண்டியில்தான் ஹூபர் ஓரியோல் 1981இல் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வென்றார். அந்த முதல் வண்டிக்கும் உங்கள் வண்டிக்கும் இடைவெளி 63 கிலோ. உங்கள் எடையைவிட ஒரு கிலோ அதிகம். உங்களைப் போலவே இன்னொருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்குவதாக நினைத்துப் பாருங்கள். 2023இல் ஆர் 1300 ஜி.எஸ். வண்டியைப் புதிதாக வடிவமைத்தபோது, செய்தவர்களே 12 கிலோவைக் குறைத்து 237 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். எடை ஒரு பொருட்டே இல்லை என்றால் அவர்கள் ஏன் அந்தப் பாடு பட வேண்டும்?

இனி நம் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், தம்பி. இதுதான் முக்கியம். வெளிநாட்டு இதழ்களில் பெரிய வண்டிகளைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் சரளைக் கல்லிலும் பாலைவனத்திலும் காய்ந்த மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்த்து எழுதுகிறார்கள். நம் தோட்டத்தில் லாரி போகும் பெரிய சடக்கு ஒன்று, குலை வெட்டுபவர்கள் போகும் வரிசைப் பாதை வேறொன்று. லாரிச் சடக்கில் கல் கொட்டி இறுக்கியிருப்பார்கள். மழை விட்ட அரை நாளில் எந்த வண்டியும் போகலாம். வரிசைப் பாதை அப்படியில்லை. களிமண், அதன்மேல் உதிர்ந்த பழம், ஓரத்தில் அடுக்கிய மட்டை, மட்டையில் முள், நடுவில் வாய்க்கால், வாய்க்காலின்மேல் பாசி படிந்த இரண்டு பலகை. ஈரக் களிமண் டயரின் பள்ளங்களை நிரப்பிவிட்டால் அந்த டயர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வழுவழுவென்ற உருளைதான். ஏற்றத்தில் கனமான வண்டி பின்சக்கரத்தால் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். 250 கிலோ தன் போக்கில் சறுக்கத் தொடங்கினால் முன் பிரேக்கைத் தொட முடியாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும், சாலைக்கான ஏ.பி.எஸ். பின்சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி மட்டும் நிற்காது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பேராக்கில் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என்னிடம் ஏழு ஆண்டுகள் 1200 சி.சி. வண்டி ஒன்று இருந்தது. நான் மிகவும் நேசித்த வண்டி. பீடோருக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில், முந்தின இரவு மழை பெய்திருந்த ஒரு காலைப்பொழுதில், வழி தவறிவிட்டது தெரிந்து வண்டியைத் திருப்ப நிறுத்தினேன். சறுக்கவில்லை, வேகமும் இல்லை. நின்றுகொண்டுதான் இருந்தேன். இடது காலை ஊன்றிய இடத்தில் புல் இருந்தது, புல்லுக்கு அடியில் தரை இல்லை. வாய்க்கால் ஓரம் அது. நேராக நிற்கும் 250 கிலோ வண்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளலாம். ஓரளவுக்கு மேல் சாய்ந்தபின் அதைத் தாங்கும் கால் எவனுக்கும் கிடையாது. பக்கப் பெட்டிக்கு அடியில் என் கணுக்கால் மாட்டிக்கொண்டது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. குலை வெட்ட வந்த இந்தோனேசியத் தொழிலாளர் இருவரும் அவர்களுடைய மேற்பார்வையாளரான மண்டோரும் என்னைப் பார்க்கும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே கிடந்தேன். மூவரும் சேர்ந்துதான் வண்டியை நிமிர்த்தினார்கள். எலும்பு முறியாதது என் நல்ல காலம். அப்போது எனக்கு முப்பது ஆண்டு ஓட்டுநர் அனுபவம் இருந்தது. "ஓட்டத் தெரிந்தவனுக்கு" என்று நண்பர்கள் சொல்வது எனக்கு அதனால்தான் நெருடுகிறது. அன்றைக்கு நான் ஓட்டவே இல்லையே.

மண்பாதை விழுதல்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கின்றன என்பது என் அனுபவம்: நிற்கும்போது, திரும்பும்போது, இறங்கித் தள்ளும்போது. ஒரு முறை தூக்கிவிடலாம். முறை தெரிந்தால் உங்கள் உடல்வாகிலும் முடியும். கைப்பிடியை ஒடித்துத் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முதுகை வளைக்காமல் காலால் எழவேண்டும். வெயிலில், வழுக்கும் மண்ணில், இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் தூக்கிய பிறகு கை நடுங்கும். நடுங்கும் கையோடு ஓட்டும்போது நான்காவது முறை விழுவீர்கள்.

2004இல் நடிகர்கள் இவான் மெக்கிரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கே கிளம்பி நியூயார்க் வரை போனார்கள். சுமை ஏற்றிய பி.எம்.டபிள்யூ 1150 வண்டிகளோடு மங்கோலியாவின் சேற்றில் அவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. உடன் வந்த ஒளிப்பதிவாளரின் வண்டி அங்கே சட்டகம் உடைந்து நின்றபோது, அவருக்கு ரஷ்யத் தயாரிப்பான இஷ் பிளானெட்டா என்ற எளிய வண்டியை வாங்கிக் கொடுத்தார்கள். அது அடிக்கடி மக்கர் செய்தது உண்மைதான். ஆனாலும் அந்தச் சேற்றில், பெரிய வண்டியில் தடுமாறியவர் இலகுவான வண்டியில் சமாளித்தார். இவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் அப்பா வேலை செய்த தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்கள், மண்டோர், கிராணி எல்லாரும் எதில் போனார்கள்? கப்சாய் என்ற சிறிய மோட்டார் சைக்கிளில். நூறு கிலோ சுற்றிலான வண்டி. சேற்றில் சிக்கினால் இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். பல்லாண்டு அதைப் பார்த்த மனிதர்தான் உங்களிடம் வேண்டாம் என்கிறார்.

எதை வாங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடப்போவதில்லை. உங்கள் ஆசை உண்மையிலேயே செம்பனைக் காடும் லாசா மலையும்தான் என்றால், 150 கிலோவுக்குக் குறைந்த வண்டியாகப் பாருங்கள். ஹோண்டா சி.ஆர்.எஃப். 250 எல் சுமார் 145 கிலோ. கவாசாகி கே.எல்.எக்ஸ். 250 வகை 138 கிலோ. இரண்டும் 250 சி.சி. வரை ஓட்ட அனுமதிக்கும் பி2 உரிமத்துக்குள் அடங்கும். இருக்கை உயரமாக இருக்கிறதே என்று தயங்குவீர்கள். உண்மைதான், சி.ஆர்.எஃப். இருக்கை 875 மில்லிமீட்டர், நீங்கள் விரும்பும் ஜி.எஸ்.ஸைவிடவும் உயரம். ஆனால் 145 கிலோவை ஒரு கால் நுனியில் தாங்கலாம், சாய்ந்தாலும் விழுந்தாலும் நீங்களே நிமிர்த்தலாம். சி.சி. சிறியது என்பதால் வண்டியும் இலகு என்று எண்ணிவிட வேண்டாம். 411 சி.சி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 199 கிலோ. யமாஹா தெனெரே 700 அதைவிட இருமடங்கு ஆற்றலுக்கும் மேல் தந்தும் 205 கிலோதான். நெடுஞ்சாலையும் வேண்டும், சடக்கும் வேண்டும், ஒரே வண்டிதான் வைத்திருக்க முடியும் என்றால் அந்தத் தெனெரே வரை போகலாம். அதற்கு மேல் தனியாகப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனம் ஜி.எஸ்.ஸிலேயே நின்றால், வாங்குங்கள். அது அருமையான வண்டி. கேமரன் மலை, கெரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, தாய்லாந்து எல்லை தாண்டிய நீண்ட பயணம் எல்லாவற்றுக்கும் அதற்கு நிகரானவை குறைவு. மண்ணில், கல் கொட்டிய லாரிச் சடக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கப் பெட்டிகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். டேங்கைப் பாதி நிரப்பினால் போதும், பத்து லிட்டர் குறைந்தால் ஏழரைக் கிலோ, அதுவும் மேலே இருக்கும் எடை, குறையும். காய்ந்த காலத்தில், துணைக்கு ஒருவரோடு போங்கள். பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் அனுமதி கேட்டு, புல்தரையில் பழைய மெத்தையை விரித்து, வண்டியை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்து, யாருடைய உதவியும் இல்லாமல் மூன்று முறை நிமிர்த்திப் பாருங்கள். விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.

இன்னொன்று. தோட்டச் சடக்கு தனியார் நிலம். குலைத் திருட்டு அதிகமானதிலிருந்து வாசலில் காவல் கடுமையாக இருக்கிறது. அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். உங்கள் அப்பாவைத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கலாம். லாசாவுக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட வனத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். அங்குள்ள தெமியார் பழங்குடிக் கிராமங்களில் குழந்தைகள் தடத்திலேயே விளையாடுவார்கள். வீடுகள் கண்ணில் பட்டவுடன் இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள்.