வீட்டை விற்றுவிட்டுப் போகலாமா?

கேள்வி: வயது 74. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வீட்டை விற்றுவிட்டு, கோவையில் முதியோர் குடியிருப்புக்குப் போகச் சொல்கிறான் அமெரிக்காவில் இருக்கும் மகன். போகலாமா?

பதில்: போங்கள் அம்மா, வீட்டை மட்டும் இப்போது விற்காதீர்கள். என் அக்கா முதலில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்தாள். எல்லாம் பிடித்தது, ஏழு மணிக்கே இரவுச் சாப்பாடு என்பதைத் தவிர! நடுராத்திரி மணி அடித்தால் யார் வருவார், படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா, முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டை மகனுக்கே எழுதிக் கொடுப்பதென்றால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கட்டும். பிறகு அவர் பராமரிக்கத் தவறினால், எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கைகொடுக்கும். சந்தேகமென்றால் முதியோர் உதவி எண் 14567. குளியலறைக்குக் கைப்பிடி இந்த வாரமே மாட்டுங்கள். அதற்குக் கோவை வரை போக வேண்டாம்.