சம்பள நாளில் கால் ஏன் தவறணைக்குப் போகிறது?

கேள்வி: என் வீட்டுக்காரர் 23 நாள் சாராயத்தைத் தொடவில்லை. சம்பளத்தன்று ஹட்டன் டவுனுக்குச் சாமான் வாங்கப் போனவர், முன்னைவிடக் கூடக் குடித்துவிட்டு லயத்துக்கு வந்தார். “ருசியே பிடிக்கல, கால்தான் போகுது” என்கிறார். எலிகளும் இப்படித்தானாமே? இல்லை, சாக்குச் சொல்கிறாரா?

பதில்: சாக்கு இல்லை, சகோதரி. மூளையில் ருசி வேறு, இழுப்பு வேறு. இழுப்பில் பெரிய பங்கு டோபமைன் என்ற இரசாயனத்துக்கு. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை விஞ்ஞானி குரங்குகளிடம் இதைப் பார்த்தார். விளக்கு எரியும், சற்றுப் பொறுத்து வாயில் பழச்சாறு சொட்டும். தொடக்கத்தில் சாறு வந்தபோதுதான் டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. பழகியபின் விளக்கு எரிந்ததுமே துடித்தன, சாறுக்குச் சும்மா இருந்தன. சாறு வராமல் போனால், வரவேண்டிய அதே நேரத்தில் துடிப்பு அடங்கியது.

உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த விளக்கு, கையில் சம்பளக் காசும் டவுன் பஸ் ஸ்டாண்டும் கூட்டாளி கூப்பிடும் குரலும். லீவரை அமுக்கி மது குடித்துப் பழகிய எலிகள், மது வருவது நின்றால் அமுக்குவதை விட்டுவிடும். பழைய வாசனையைக் காட்டினால், ஒரு சொட்டுக்கூட வராதபோதும் மறுபடி அமுக்கும்.

கூடக் குடித்ததும் அதிசயமில்லை. மதுவைச் சில வாரம் மறித்துத் திரும்பக் கொடுத்தால் எலிகள் முன்னைவிட அதிகம் குடிப்பது 1960களிலேயே தெரிந்தது. சில நாளில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே அந்த 23 நாளும் வீண் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். “மற்றவங்க அளவாத்தானே குடிக்கிறாங்க” என்றும் ஒப்பிடாதீர்கள். 2018இல் வெளிவந்த சுவீடன் ஆய்வில், இனிப்புத் தண்ணீர் பக்கத்தில் இருந்தும் மதுவையே தேடியவை சுமார் 15 வீத எலிகள்தான்.

அடுத்த மூன்று சம்பளத்துக்கு டவுன் சாமானை நீங்கள் வாங்குங்கள். அவரும் வந்தே ஆகவேண்டுமானால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காலையிலேயே சேர்ந்து போங்கள். தவறணைப் பக்கம் இறங்க வேண்டாம், காசு உங்கள் கையில் இருக்கட்டும். இழுப்பு வந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அதுவரை தனியே விடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். அவர் திரும்பவும் தினமும் குடிக்கத் தொடங்கியிருந்தால், பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். போயா தினத்தில் கடை மூடும்போதும் இதே ஆபத்துதான். மது மூளையின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் பிரேக்கைத் தளர்த்தி, அக்சிலேட்டரை ஏற்றிவைக்கிறது. மது திடீரென்று நின்றால், இறக்கத்தில் பிரேக் போன லொறி கதைதான். முதலில் கைநடுக்கம், வியர்வை. 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறலாம். வலிப்போ தடுமாற்றமோ கண்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. கை நடுங்கத் தொடங்கினாலே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தினமும் குடித்தவர் என்று மறைக்காமல் சொல்லுங்கள். தயமின் (விற்றமின் B1) ஊசி போடவேண்டியிருக்கும்.

மனநலப் பிரிவில் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை பற்றிக் கேளுங்கள். மது தரும் சுகத்தின் ஒரு வழியை அது அடைக்கிறது. குரங்குகளுக்கும் எலிகளுக்கும் அதைக் கொடுத்தபோது அவை குறைவாகக் குடித்தன. ஈரலைச் சோதித்த பிறகே தருவார்கள். இடுப்பு வலிக்கு அவர் ட்ரமடோல் போடுகிறவர் என்றால், அதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேரக்கூடாது.