பாதி என்றால் சரிபாதி: இரட்டிப்பும் பாதியும் வீட்டில் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “டீச்சர், மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆறும் ஆறும் பன்னிரண்டு, ஏழும் ஏழும் பதினாலு என்று கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் 14-ல் பாதி எவ்வளவு என்று கேட்டால் 8, 10 என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். எட்டின் இரண்டு மடங்கு என்றால் 10 என்கிறாள். இரண்டாம் வாய்ப்பாட்டை இன்னும் நன்றாக மனப்பாடம் செய்ய வைக்கட்டுமா?”

வேண்டாம். வாய்ப்பாடு அவளுக்கு வந்துவிட்டது, அதையே இன்னும் நூறு தடவை சொல்ல வைத்தாலும் இந்தத் தடுமாற்றம் போகாது. ‘பாதி’, ‘மடங்கு’ என்ற இரண்டு சொற்களுக்கும் அவள் மனதில் இன்னும் சரியான பொருள் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

எட்டின் இரண்டு மடங்கு 10 என்று சொன்னது சும்மா வந்த பதில் இல்லை. ‘இரண்டு’ என்று காதில் விழுந்ததும் இரண்டைக் கூட்டிவிட்டாள். நிறையப் பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்கள். கொஞ்ச நாளைக்கு ‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, “இது எட்டு, இதே மாதிரி இன்னொரு எட்டு வைத்தால்?” என்று கேளுங்கள். ‘இதே மாதிரி இன்னொன்று’ என்பதுதான் இரட்டிப்பு. அது பிடிபட்ட பிறகு மடங்கு என்ற சொல் வரட்டும்.

பாதி விஷயத்தில் தப்பு பிள்ளைகளுடையது இல்லை, நாம் பேசுகிற பேச்சுதான் அப்படி. “பெரிய பாதி அண்ணனுக்கு, சின்னப் பாதி உனக்கு” என்று கொழுக்கட்டையைப் பிய்த்துக் கொடுக்கிறோம். பாதி வழியில் திரும்பிவிட்டேன், பாதி சாப்பாட்டில் எழுந்துவிட்டான் என்கிறோம், அங்கெல்லாம் யார் அளந்து பார்த்தது? பிள்ளைக்குப் பாதி என்றால் ‘ஒரு துண்டு’. அதனால் 14-லிருந்து ஒரு துண்டாக 8 என்று சொல்கிறாள், அவள் கணக்கில் அது சரி. இனிமேல் வீட்டில் ‘சரிபாதி’ என்றே சொல்லிப் பழகுங்கள். திருச்சி பக்கத்து முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது, ஆனால் தண்ணீர் சரிபாதியாகவா பிரிகிறது? வயலுக்குப் போகும்போது வாய்க்கால் பிரிகிற இடத்தில் நிறுத்தி இதைக் கேட்டுப் பாருங்கள், இரண்டாக ஆவது வேறு, சரிபாதி ஆவது வேறு என்பது கண்ணாலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் கையால் செய்ய வேண்டிய வேலை. பதினாலு புளியங்கொட்டை, இரண்டு தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். “உனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று” என்று அவளே மாற்றி மாற்றிப் போடட்டும், தீர்ந்ததும் ஒரு தட்டை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ஏழு. இன்னொரு தட்டைத் துணியால் மூடிவிட்டு, “இதில் எத்தனை இருக்கும்?” என்று கேளுங்கள். எண்ணாமலே ஏழு என்று சொன்னால் சரிபாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம். துணியைத் தூக்கிப் பார்க்க அடம்பிடித்தால் இன்னும் புரியவில்லை, கோபிக்காமல் நாளைக்கும் இதையே செய்யுங்கள். அடுத்து இரண்டு தட்டையும் ஒன்றாகக் கொட்டி, “ஏழும் இன்னொரு ஏழும்?” என்று கேளுங்கள். பிரித்ததும் சேர்த்ததும் அதே கொட்டைகள்தான் என்று அவள் கை உணர வேண்டும். பள்ளியில் இரட்டிப்பு ஒரு பாடமாகவும் பாதி இன்னொரு பாடமாகவும் தனித்தனியாக வரும்போது இந்த உறவுதான் விட்டுப்போகிறது. வீட்டில் மடக்குகிற பல்லாங்குழிப் பலகை இருந்தால் இன்னும் நல்லது: ஒரு பக்கம் ஏழு குழி, விரித்தால் பதினாலு, மடக்கினால் ஏழின் மேல் ஏழு சரியாகப் படியும்.

ஒற்றைப்படை எண் வந்தால் பயப்படாதீர்கள். ஏழு கோலிக்குண்டு என்றால் மூன்று, மூன்று, ஒன்று மீதி. ஏழு அதிரசம் என்றால் மீதி ஒன்றையும் பிய்க்கலாம், ஆளுக்கு மூன்றரை. எதைப் பிய்க்கலாம், எதைப் பிய்க்க முடியாது என்று அவளே முடிவு செய்யட்டும்.

பெரிய எண்களுக்குக் காசு மாதிரி ஆசான் இல்லை. 36-ல் பாதி என்று வாயால் கேட்டால் திகைப்பாள். மூன்று பத்து ரூபாய் நோட்டும் ஆறு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, இரண்டு பேருக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பத்து போனதும் ஒரு நோட்டு மிஞ்சும், அதைக் கிழிக்க முடியாது, என்ன செய்யலாம்? சில்லறை மாற்றலாம், இரண்டு ஐந்து ரூபாய். பத்தும் ஐந்தும் மூன்றும் 18. 30, 50, 70 ஆகியவற்றில் பாதி சொல்லத்தான் பிள்ளைகள் அதிகம் திணறுவார்கள். இந்த மிஞ்சுகிற ஒரு பத்தைச் சில்லறை மாற்றத் தெரிந்துவிட்டால் அந்தத் திணறல் தீர்ந்துவிடும். இரட்டிப்புக்கும் இதே வழிதான்: 36 என்றால் முப்பதும் முப்பதும் அறுபது, ஆறும் ஆறும் பன்னிரண்டு, ஆக 72.

நம் பக்கத்து வீடுகளில் இன்னொரு நல்ல சாதனம் பரணில் கிடக்கும், பழைய அளவைகள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியைத் தலைதட்டி அளக்க வேண்டும், கோபுரமாக அளந்தால் கணக்கு உதைக்கும், அதுவே சமம் என்றால் என்ன என்பதற்கு ஒரு பாடம். ஒரு ஆழாக்கு, இரண்டு, நாலு, எட்டு என்று ஏறிப் படி வரைக்கும் போகட்டும், பிறகு படியிலிருந்து பாதி பாதியாக இறங்கட்டும். பாட்டி இருந்தால் படிக்கும் மேலே உள்ள பெரிய அளவைகளையும் கேளுங்கள்: இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, ஆனால் கலத்துக்கு மூன்று தூணி. இரட்டிப்பு அங்கே நின்றுவிடுகிறது, அதைப் பிள்ளையே கண்டுபிடித்தால் அவ்வளவு சந்தோஷப்படுவாள்.

அரைக்கால் என்ற சொல்லையும் நாம் தொலைக்கக் கூடாது என்பது என் ஆசை. அரையும் காலும் சேர்ந்ததில்லை அது, காலில் அரை, அதாவது எட்டில் ஒரு பங்கு. 1957 வரை ரூபாய்க்கு 16 அணா. அரை ரூபாய் 8 அணா, கால் ரூபாய் 4, அரைக்கால் ரூபாய் 2, அதிலும் பாதி ஒரு அணா, அதுதான் வீசம். பாதியாக்கிக்கொண்டே போவது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடைத்தெருவிலேயே பழகிவிட்டது. இது இரண்டாம் வகுப்புக்கு அவசரமில்லை, நாலாம் வகுப்பில் பின்னம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பத்து நிமிடம் போதும். வகுத்தல் குறியை இப்போது காட்டாதீர்கள். அவள் மறுபடி “14-ல் பாதி எட்டு” என்று சொன்னால் தப்பு என்று சொல்லாமல், “சரி, எட்டும் இன்னொரு எட்டும் சேர்த்துப் பார், 14 வருகிறதா?” என்று மட்டும் கேளுங்கள். 16 என்று அவளே சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, எட்டைக் குறைத்து ஏழுக்கு வருவாள்.