ஒத்ததிர்வு பிடிக்கும் என்கிற மகளை எதில் சேர்ப்பது?

வணக்கம் ஐயா. மகள் பிளஸ் ஒன் அலைவுகள் பாடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள், இயற்பியல் எடுத்தால் டீச்சர் வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். டீச்சர் வேலைக்கு என்ன குறைச்சல்? அது இருக்கட்டும். ஒரு பொருள் தானாக ஆடுகிற தாளத்திலேயே வெளியிலிருந்தும் உதை விழுந்தால் ஆட்டம் பெரிதாகிவிடும், அதுதான் ஒத்ததிர்வு. அதை அடக்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கார் கம்பெனிகளில் என்.வி.ஹெச். என்றொரு பிரிவு உண்டு. சத்தத்தையும் அதிர்வையும் குறைப்பதுதான் அங்கே வேலை. நான்கு சிலிண்டர் வண்டி சிக்னலில் நிற்கிறது, எஞ்சின் நிமிஷத்துக்கு 750 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். சுற்றுக்கு இரண்டு சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும். ஆக, நொடிக்கு 25 உதை, அதாவது 25 ஹெர்ட்ஸ். ஸ்டியரிங்கைத் தட்டிவிட்டால் அது தானாக ஆடுகிற வேகமும், அதாவது இயல்பு அதிர்வெண்ணும், 25 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் கை கூசுகிற அளவுக்கு நடுங்கும். முனையில் சென்சார் உள்ள சின்னச் சுத்தியலால் ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டுவார்கள். மெழுகு வைத்து ஒட்டிய ஆக்சிலரோமீட்டர் என்கிற அதிர்வு அளக்கும் சென்சார் அந்த அதிர்வை லேப்டாப்புக்கு அனுப்பும். திரையில் கோடு எங்கே கூராக எழும்புகிறதோ, அதுதான் இயல்பு அதிர்வெண். தாங்குகிற பிராக்கெட்டைக் கெட்டியாக்கி அதை 25-க்கு மேலே தள்ளிவிடுவார்கள். இதற்கு வழி பி.இ. மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல்.

சிவிலிலும் இதே கதைதான். 1985 மெக்சிகோ சிட்டி நிலநடுக்கத்தில் பழைய ஏரிப்படுகை மண் சுமார் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடியது. அதே தாளத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. சென்னை தரமணியில் உள்ள எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் கட்டட மாதிரிகளை மேடையில் ஏற்றி ஆட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் போக பி.இ.யோடு நிற்காமல் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிக்க வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.ஐ. பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1.5 டெஸ்லா இயந்திரத்துக்குள் ஹைட்ரஜன் அணுக்கரு சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது, உண்மை. ஆனால் ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் படிப்புக்கு உயிரியல் வேண்டும். உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல் இருக்கிறது. சேர்ந்தபின் ஏமாறக்கூடாது: நம் ஆஸ்பத்திரிகளில் மருத்துவ இயற்பியலாளருக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில்தான் வேலை. எம்.எஸ்சி. வேதியியல் போனால் மருந்துக் கம்பெனிகளில், மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்கிற என்.எம்.ஆர். கருவி இருக்கிறது, தத்துவம் இதேதான்.

எதில் சேர்ந்தாலும் கணிதம் துரத்தும். அதிர்வு என்றாலே வகைக்கெழுச் சமன்பாடுதான். பொறியியல் கவுன்சிலிங்கில் 200-க்கு 100 கணிதத்துக்கே போகிறது. பாடத்தில் வரும் வீடியோ மட்டும் பிடிக்கிறதா, கணக்கும் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். போனில் உள்ள சென்சாரை வைத்தே அதிர்வை அளக்கிற ஃபைபாக்ஸ் (phyphox) என்ற இலவச ஆப்பைப் போனில் ஏற்றி, வாஷிங் மெஷின் மேல் பத்திரமாக ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். டிரம் வேகமெடுக்கும்போது நடுவில் ஓரிடத்தில் மெஷினே குதிக்கும், தாண்டியதும் அடங்கும். அது எத்தனை ஹெர்ட்ஸ், ஏன் அங்கே மட்டும் என்று அவளே கணக்குப் போட்டு எழுதட்டும். அந்தத் தாளோடு அவளையும் கூட்டி வாருங்கள், எந்தக் கல்லூரி என்று அப்போது பேசுவோம்.